ஐஸ் ஹாக்கி வீரர்களும் முதலாளிகளும் எதற்காக மல்லுக்கட்டுகிறார்கள்?

வட அமெரிக்க ஐஸ் ஹாக்கியில் ஸ்டான்லி கோப்பைக்கு மேல் ஒரு பரிசு கிடையாது. வென்ற அணியின் வீரர்கள் பெயரை ஆண்டுதோறும் அந்தக் கோப்பையைச் சுற்றியிருக்கும் வளையங்களில் பொறிப்பார்கள். 2005ஆம் ஆண்டுக்குரிய இடத்தில் மட்டும் பெயர் எதுவும் இல்லை. அந்த சீசன் விளையாடப்படவில்லை என்று ஒரு வரி இருக்கிறது, அவ்வளவுதான். 1919லும் கோப்பை யாருக்கும் போகவில்லை, ஆனால் அதற்குக் காரணம் ஃப்ளூ தொற்று. 2005ல் தொற்றும் இல்லை, போரும் இல்லை. வீரர்கள் ஆடத் தயாராக இருந்தார்கள், அரங்குகளும் தயார், டிக்கெட் வாங்க ஆட்களும் தயார். சம்பளக் கணக்கில் உடன்பாடு வராததால் 1,230 ஆட்டங்கள் ரத்தாயின. வட அமெரிக்காவின் பெரிய தொழில்முறை லீக் ஒன்று தொழில் தகராறில் ஒரு முழு சீசனைப் பறிகொடுத்தது அதுதான் முதல் முறை.

டொராண்டோவிலோ மொன்றியாலிலோ உறவினர் இருப்பவர்களுக்கு இந்தக் கதை ஓரளவு தெரிந்திருக்கும். மற்றவர்களுக்காக அடிப்படையிலிருந்து தொடங்குகிறேன்.

இரண்டு தரப்பு, ஒரு நாள்காட்டி

என்எச்எல் எனப்படும் தேசிய ஹாக்கி லீக் 1917ல் மொன்றியாலில் பிறந்தது. இப்போது 32 அணிகள். ஏழு கனடாவில், மற்றவை அமெரிக்காவில். ஒவ்வோர் அணியும் தனியார் சொத்து. அந்த முதலாளிகள் அத்தனை பேரும் சேர்ந்ததுதான் லீக். அவர்கள் சார்பில் பேசுபவர் ஆணையர். 1993 முதல் அந்த நாற்காலியில் இருப்பவர் கேரி பெட்மன். எதிர்ப்பக்கம் வீரர்கள் சங்கம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இரு தரப்பும் உட்கார்ந்து ஒரு கூட்டு ஒப்பந்தம் போடுகிறார்கள். குறைந்தபட்சச் சம்பளம், ஓய்வூதியம், எத்தனை வயதில் ஒரு வீரர் வேறு அணிக்குப் போகலாம், வருமானத்தில் யாருக்கு எவ்வளவு என்பதெல்லாம் அதில்தான் வரும். அந்த ஒப்பந்தம் காலாவதியாகும்போதுதான் சண்டை வெடிக்கும்.

சண்டையில் இரண்டு வகை உண்டு. வீரர்கள் ஆட மறுத்தால் வேலைநிறுத்தம். முதலாளிகள் வீரர்களை உள்ளே விடாமல் அரங்கைப் பூட்டினால் கதவடைப்பு. செய்தியில் இரண்டையும் குழப்பி, 'கோடி கோடியாக வாங்கியும் ஆட மறுக்கிறார்கள்' என்று வீரர்களைத் திட்டுகிறவர்கள் உண்டு. உண்மையில் என்எச்எல்லில் லீக் முழுவதும் தழுவிய வீரர் வேலைநிறுத்தம் ஒன்றே ஒன்றுதான், 1992ல். 1994, 2004, 2012 மூன்றுமே முதலாளிகள் பூட்டிய பூட்டு.

எந்தத் தரப்பு எப்போது கை ஓங்கும் என்பதைத் தேதிகளை வைத்தே புரிந்துகொள்ளலாம். வீரர்களுக்குச் சம்பளம் வருவது அக்டோபர் தொடங்கி ஏப்ரல் வரை ஓடும் வழக்கமான சீசனுக்கு. அதற்குப் பிறகு வரும் பிளேஆஃப் சுற்றுகளில் முதலாளிகளுக்கு டிக்கெட் பணம் கொட்டும், ஆனால் வீரர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது, ஒரு பரிசுத் தொகைதான். அதனால்தான் 1992ல் வீரர்கள் ஏப்ரல் 1ஆம் தேதியைத் தேர்ந்தெடுத்தார்கள். சம்பளத்தில் பெரும்பகுதி கைக்கு வந்தாயிற்று, முதலாளிகளின் அறுவடை இன்னும் தொடங்கவில்லை. பத்தே நாளில் முதலாளிகள் இறங்கிவந்தார்கள். முதலாளிகளும் பாடம் படித்துக்கொண்டார்கள். இன்னொரு முறை ஏப்ரல் வரை காத்திருக்கக் கூடாது, சீசன் தொடங்கும் முன்பே பூட்டிவிட வேண்டும், முதல் சம்பளம் வராமல் வீரர் தவிக்கட்டும் என்பது அந்தப் பாடம். அடுத்த மூன்று பூட்டும் செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் தொடக்கத்துக்குள் விழுந்தன.

சங்கம் என்ற ஒன்று வர எவ்வளவு பாடு

1957ல் டெட்ராய்ட் அணியின் நட்சத்திரம் டெட் லிண்ட்ஸே, மொன்றியாலின் டக் ஹார்வி போன்றவர்களோடு சேர்ந்து சங்கம் தொடங்கப் பார்த்தார். அவர்கள் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. தங்கள் ஓய்வூதிய நிதியின் கணக்கைக் காட்டுங்கள் என்றார்கள். லிண்ட்ஸேயை அப்போது தோற்றுக்கொண்டே இருந்த சிகாகோ அணிக்குத் தள்ளிவிட்டார்கள். சங்கமும் கலைந்தது.

மறுபடி 1967ல் ஒரு சங்கம் எழுந்தது. அதை நடத்தியவர் ஆலன் ஈகிள்சன் என்ற வழக்கறிஞர். ஒரே சமயத்தில் சங்கத் தலைவர், பல வீரர்களின் முகவர், சர்வதேசப் போட்டிகளின் அமைப்பாளர். முதலாளிகளோடும் நல்ல நட்பு. இப்படி எல்லாப் பக்கமும் ஒரே ஆள் நின்றால் என்ன ஆகும்? பிற்காலத்தில் மோசடி வழக்குகள் வந்தன. 1998ல் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை சென்றார். வீரர்கள் ஆணையர் சொல்லும் எந்தக் கணக்கையும் நம்பாமல் முறைப்பதற்கு இந்த இரண்டு கதைகளும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஈகிள்சனுக்குப் பின் வந்த பாப் குட்னோ கறாரான ஆள். 1992 வேலைநிறுத்தம் அவர் காலத்தில் நடந்ததுதான்.

பணம் ஏன் பற்றாமல் போயிற்று

அமெரிக்கக் கால்பந்து லீக்குக்குத் தொலைக்காட்சி உரிமையிலிருந்தே பெரும் பணம் வருகிறது, அதை எல்லா அணிகளும் சமமாகப் பிரித்துக்கொள்கின்றன. ஹாக்கிக்கு அந்த வசதி வாய்க்கவில்லை. 2004ல் என்பிசி என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தத்தில் முன்பணமே இல்லை, விளம்பர வருமானத்தில் பங்கு மட்டும்தான். ஆக, ஓர் அணி பிழைப்பது பெரும்பாலும் வாசலில் விற்கும் டிக்கெட்டை வைத்துத்தான். நியூயார்க்குக்கும் டொராண்டோவுக்கும் இது பிரச்சினை இல்லை. பாலைவனத்திலோ சின்ன ஊரிலோ இருக்கும் அணிக்கு?

கனடா அணிகளுக்கு இன்னொரு தலைவலி. வருமானம் கனடிய டாலரில், சம்பளம் அமெரிக்க டாலரில். 2002 தொடக்கத்தில் ஒரு கனடிய டாலருக்கு 62 அமெரிக்க சென்ட்தான் கிடைத்தது. அதற்கு முன்பே கியூபெக் அணி 1995ல் கொலராடோவுக்கும், வின்னிபெக் அணி 1996ல் ஃபீனிக்ஸுக்கும் குடிபெயர்ந்துவிட்டன. 2000 ஜனவரியில் கனடிய அரசு மிச்சமிருந்த அணிகளுக்கு உதவித்தொகை தருவதாக அறிவித்தது. கோடீஸ்வரர்களுக்கு எங்கள் வரிப்பணமா என்று மக்கள் கொதித்ததில் மூன்றே நாளில் திட்டத்தைச் சுருட்டிக்கொண்டது. ஹாக்கியை உயிராக நினைக்கும் நாட்டிலேயே நிலைமை அப்படி.

சம்பளமோ ஏறிக்கொண்டே போனது. 1994ல் ஆறு லட்சம் டாலரைத் தொடாத சராசரி, பத்தே ஆண்டில் 18 லட்சம் அளவுக்கு வந்துவிட்டது. ஏற்றியது யார்? சம்பளத்தை எழுதிக் கையெழுத்துப் போடுவது முதலாளிதானே. 1997ல் கொலராடோவின் ஜோ சாகிக்கைப் பறிக்க நியூயார்க் ரேஞ்சர்ஸ் மூன்று ஆண்டுக்கு 2.1 கோடி டாலர் நீட்டியது, அதில் 1.5 கோடி கையெழுத்துப் போட்டதும் தர வேண்டியது. அவ்வளவு ரொக்கம் கொலராடோவால் புரட்ட முடியாது என்பது கணக்கு. கொலராடோ எப்படியோ புரட்டி அவரைத் தக்கவைத்துக்கொண்டது, கூடவே எல்லா நட்சத்திரங்களின் விலையும் ஏறிவிட்டது. இவ்வளவு செலவழித்த ரேஞ்சர்ஸ் 1998 முதல் 2004 வரை ஏழு சீசன் தொடர்ச்சியாக பிளேஆஃப் பக்கமே போகவில்லை என்பது தனி நகைச்சுவை.

இதைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் புரியும். பக்கத்து முதலாளி அள்ளி வீசும்போது நானும் வீசியாக வேண்டும், இல்லாவிட்டால் என் அணி தோற்கும். ஒவ்வொருவரும் தனித்தனியாக நிறுத்த முடியாததை எல்லோருக்கும் பொதுவான விதியாகப் போட வேண்டும், அதற்கு வீரர்கள் சங்கத்தின் கையெழுத்து வேண்டும். என் பார்வையில் கதவடைப்பு என்பது முதலாளிகள் தங்களிடமிருந்து தங்களைக் காப்பாற்றிக்கொள்ள வீரர்களின் தலையில் வைத்த செலவு.

மஞ்சள் கடுதாசி கொடுத்தவர்கள்

அதற்காக நஷ்டம் எல்லாம் நாடகம் என்று சொல்லிவிடவும் முடியாது. பிட்ஸ்பர்க் பெங்குவின்ஸ் 1975ல் ஒருமுறை, 1998ல் இன்னொரு முறை திவாலானது. இரண்டாம் முறை அந்த அணி யாருக்குப் பணம் பாக்கி வைத்திருந்தது தெரியுமா? தன்னுடைய மாபெரும் நட்சத்திரம், அப்போது ஓய்வு பெற்றிருந்த மரியோ லெமியூவுக்கே, தள்ளிவைத்த சம்பளமாக மூன்று கோடி டாலருக்கு மேல். அந்தக் கடனைப் பங்காக மாற்றிக்கொண்டு 1999ல் அவரே முதலாளியானார். மறு ஆண்டு கடைசியில் காலணி கட்டிக்கொண்டு மறுபடி களத்திலும் இறங்கினார்!

2003 ஜனவரியில் ஒட்டாவா, பஃபலோ இரண்டு அணிகளும் ஒரே மாதத்தில் திவால் மனு கொடுத்தன. பஃபலோவுக்கு நேர்ந்ததற்கும் ஹாக்கிக்கும் அவ்வளவு தொடர்பில்லை. அதன் முதலாளி ஜான் ரிகாஸ் நடத்திய அடெல்ஃபியா என்ற கேபிள் நிறுவனம் கணக்கு மோசடியில் சரிந்தது, அணியும் கூடவே சரிந்தது. ஒட்டாவா கதைதான் வேதனை. வீரர்களுக்குச் சம்பளம் போட முடியாத அதே சீசனில் அந்த அணி லீக்கிலேயே அதிகப் புள்ளி எடுத்தது.

310 நாள் பூட்டு

பெட்மன் கூடைப்பந்து லீக்கிலிருந்து வந்தவர். அங்கே சம்பள உச்சவரம்பு என்ற ஏற்பாடு ஏற்கெனவே இருந்தது. ஐபிஎல் ஏலத்தில் ஒவ்வோர் அணியின் பர்ஸிலும் இவ்வளவுதான் என்று வைத்திருக்கிறார்களே, கிட்டத்தட்ட அதுதான். 1994-95 கதவடைப்பிலேயே முதலாளிகள் சம்பளத்துக்கு ஒரு கடிவாளம் கேட்டார்கள். நூறு நாளுக்கு மேல் பூட்டியும் உச்சவரம்பு கிடைக்கவில்லை, அந்த சீசன் அணிக்கு 48 ஆட்டத்தோடு ஒப்பேறியது.

2004ல் லீக் தயாராக வந்தது. அமெரிக்கப் பங்குச்சந்தை ஒழுங்கு ஆணையத்தின் முன்னாள் தலைவர் ஆர்தர் லெவிட்டை வைத்து ஓர் அறிக்கை எழுத வைத்தது. 2002-03ல் லீக்குக்கு 27.3 கோடி டாலர் நஷ்டம், வருமானத்தில் 75 சதவீதம் வீரர்களுக்கே போகிறது என்றது அறிக்கை. ஃபோர்ப்ஸ் பத்திரிகை போட்ட கணக்கில் நஷ்டம் அதில் பாதிகூட வரவில்லை. எப்படி இவ்வளவு வித்தியாசம்? அணியும் அரங்கும் ஒரே முதலாளியிடம் இருந்தால், வாகன நிறுத்தக் கட்டணத்தையும் சொகுசு அறை வாடகையையும் அரங்கு நிறுவனத்தின் கணக்கில் எழுதலாம். அணியின் ஏட்டில் நஷ்டம் தெரியும், முதலாளியின் பையில் தெரியாது. 'ஹாக்கி வருமானம்' என்று எதைச் சேர்ப்பது என்பதே பேச்சுவார்த்தையில் பாதி நேரத்தைத் தின்பது இதனால்தான்.

செப்டம்பர் 16 அன்று பூட்டு விழுந்தது. டிசம்பரில் குட்னோ யாரும் எதிர்பாராத ஒன்றைச் செய்தார். ஏற்கெனவே போட்ட ஒப்பந்தங்களிலேயே 24 சதவீதம் வெட்டிக்கொள்ளுங்கள், உச்சவரம்பு மட்டும் வேண்டாம் என்றார். முதலாளிகள் அசையவில்லை. பிப்ரவரியில் சங்கம் உச்சவரம்பையும் ஒப்புக்கொண்டது. அப்புறம் எண்ணில் வந்து நின்றது. அணிக்கு 4.25 கோடி என்றது லீக், 4.9 கோடி என்றது சங்கம். இடைவெளி 65 லட்சம் டாலர். 2005 பிப்ரவரி 16 அன்று பெட்மன் சீசனையே ரத்து செய்தார்.

முந்நூறுக்கும் மேற்பட்ட வீரர்கள் அந்தக் குளிர்காலத்தில் ஐரோப்பாவில் ஆடினார்கள். ரஷ்யாவின் காசான் நகர அணி காசை வாரியிறைத்து என்எச்எல் நட்சத்திரங்களாகக் குவித்தது, கோப்பை என்னவோ மாஸ்கோ டைனமோவுக்குத்தான் போனது. ஐரோப்பாவுக்குப் போக வழியில்லாதவர்கள் அரங்கில் டிக்கெட் கிழிப்பவர்கள், தின்பண்டம் விற்பவர்கள், பக்கத்துச் சாப்பாட்டுக் கடைக்காரர்கள். அவர்களுக்குப் பேச்சுவார்த்தை மேசையில் நாற்காலி கிடையாது.

ஜூலையில் உடன்பாடு வந்தபோது உச்சவரம்பு 3.9 கோடி டாலர். பிப்ரவரியில் வேண்டாம் என்று தள்ளிய 4.25 கோடியைவிடக் குறைவு! டிசம்பரில் சொன்ன 24 சதவீத வெட்டும் அப்படியே நின்றது. சில நாளில் குட்னோ பதவி விலகினார்.

உச்சவரம்பு எப்படி வேலை செய்கிறது

லீக்கின் மொத்த ஹாக்கி வருமானத்தில் வீரர்களுக்கு இத்தனை சதவீதம் என்று முதலில் முடிவாகும். 2005ல் அது 54லிருந்து 57 வரை, இப்போது 50. அந்தத் தொகையை அணிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் தோராயமாக ஒரு நடு எண் வரும். அதற்கு மேலே ஒரு கோடு, அதுதான் உச்சவரம்பு. கீழே ஒரு கோடு, அது தரை. எந்த அணியும் மேல்கோட்டைத் தாண்டக் கூடாது, தரைக்குக் கீழே செலவழித்துக் கஞ்சத்தனம் பண்ணவும் கூடாது.

ஆனால் வருமானம் எவ்வளவு என்பது சீசன் முடிந்த பிறகுதானே தெரியும்? அதற்காக ஒவ்வொரு சம்பளத்திலிருந்தும் ஒரு பகுதியைப் பிடித்துப் பொதுக் கணக்கில் வைக்கிறார்கள். இதற்குப் பெயர் எஸ்க்ரோ. லீக் 100 ரூபாய் சம்பாதித்து, வீரர்களின் ஒப்பந்தங்கள் கூட்டிப் பார்த்தால் 53 ரூபாய் வருகிறது என்று வையுங்கள். பங்கு 50தான், ஆகவே பிடித்து வைத்ததிலிருந்து மூன்று ரூபாய் முதலாளிகளுக்குத் திரும்பிப் போகும். ஒப்பந்தத்தில் எழுதிய சம்பளம் வேறு, கையில் வரும் சம்பளம் வேறு. கோவிட் காலத்தில் அரங்குகள் காலியாகக் கிடந்தபோது இந்தப் பிடித்தம் வீரர்களைக் கசக்கியது, அதனால் பிடித்தத்துக்கே ஓர் எல்லை வைத்தார்கள்.

இப்போது வேடிக்கையைப் பாருங்கள். உச்சவரம்பு வருமானத்தோடு கட்டப்பட்டது. டொராண்டோவும் நியூயார்க்கும் நிறைய சம்பாதித்தால் மேல்கோடு ஏறும், கூடவே தரையும் ஏறும். 2011-12ல் உச்சவரம்பு 6.43 கோடி, தரை 4.83 கோடி. அதாவது ஆறே ஆண்டில், ஏழை அணிகள் கட்டாயம் செலவழிக்க வேண்டிய குறைந்தபட்சத் தொகை, 2005ல் அதிகபட்சம் என்று வைத்ததைவிடப் பெரிதாகிவிட்டது. ஏழை அணிகளைக் காப்பாற்றவே உச்சவரம்பு என்று சொல்லி ஒரு சீசனைப் பலிகொடுத்தார்கள் அல்லவா!

பணக்கார அணிகள் சும்மா இருக்கவில்லை. உச்சவரம்பில் கணக்கிடுவது ஆண்டுச் சராசரியைத்தான் என்பதால், ஒப்பந்தத்தை நீட்டிக்கொண்டே போய்க் கடைசி ஆண்டுகளுக்குச் சொற்பத் தொகை எழுதினால் சராசரி இறங்கும். 2010ல் நியூஜெர்ஸி அணி இலியா கோவல்சுக்குக்கு 17 ஆண்டுக்கு 10.2 கோடி எழுதியது. முடியும்போது அவருக்கு 44 வயது ஆகியிருக்கும். லீக் அதை நிராகரித்து அணிக்கு அபராதமும் போட்டது. மாற்றி எழுதிய 15 ஆண்டு ஒப்பந்தத்திலும் மூன்றாவது சீசனோடு அவர் ரஷ்யாவுக்குக் கிளம்பிவிட்டார்.

2012 ஜூலையில் மினசோட்டா முதலாளி இரண்டு வீரர்களுக்குத் தலா 13 ஆண்டு, 9.8 கோடி டாலர் எழுதிக் கொடுத்தார். அதே மாதம் லீக், வீரர் பங்கை 57லிருந்து 46 சதவீதத்துக்குக் குறைக்க வேண்டும், ஐந்தாண்டுக்கு மேல் ஒப்பந்தமே கூடாது என்று கேட்டது. அந்த மினசோட்டா முதலாளியும் பேச்சுவார்த்தைக் குழுவில் இருந்தார். வீரர்கள் கடுப்பானதில் என்ன ஆச்சரியம்? செப்டம்பரில் மறுபடி பூட்டு. 113 நாள் கழித்து, அரசின் மத்தியஸ்தர் ஒருவர் இரு தரப்புக்கும் நடுவே ஓயாமல் நடந்து முடித்துவைத்தார். சரிபாதிப் பங்கு, சொந்த அணியோடு எட்டாண்டுக்கு மேல் ஒப்பந்தம் இல்லை என்று முடிந்தது. இந்த முறையும் 48 ஆட்டம்.

பாலைவனத்து அணி

உச்சவரம்பு இருந்தும் அரிசோனா கயோட்டீஸ் பிழைக்கவில்லை. வின்னிபெக்கிலிருந்து 1996ல் ஃபீனிக்ஸுக்குப் போன அணி இது. 2009 மே மாதம் முதலாளி அணியைத் திவால் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார். பிளாக்பெர்ரி புகழ் ஜிம் பால்ஸிலி 21.25 கோடி டாலருக்கு வாங்கி, கனடாவின் ஹாமில்டனுக்குக் கொண்டுபோகத் தயாராக இருந்தார். எங்கள் அனுமதியில்லாமல் அணியை இடம் மாற்ற முடியாது என்று லீக் எதிர்த்தது, நீதிபதியும் பால்ஸிலியின் விலையை ஏற்கவில்லை. கடைசியில் லீக்கே 14 கோடிக்கு வாங்கிக்கொண்டது. நஷ்டத்தை ஈடுகட்ட, அணியின் அரங்கு இருந்த கிளெண்டேல் நகராட்சி இரண்டு சீசன்களுக்குத் தலா 2.5 கோடி டாலர் ஒதுக்கியது. பின்னால் அதே நகராட்சியோடு முறிந்து, 2022 முதல் இரண்டு சீசன் ஐயாயிரம் பேர் உட்காரும் பல்கலைக்கழக அரங்கில் ஆடினார்கள். புதிய அரங்குத் திட்டத்தை 2023ல் டெம்பி நகர மக்கள் வாக்களித்துத் தோற்கடித்தார்கள். 2024ல் 120 கோடி டாலருக்குக் கைமாறி அணி யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டிக்குப் போயிற்று.

இந்த அணி நொடித்ததற்கு வீரர் சம்பளத்தைக் கைகாட்ட முடியாது. சரியான இடத்தில் அரங்கில்லை, முதலாளிகள் மாறிக்கொண்டே இருந்தார்கள். ஆனாலும் நொடித்த அணிக்கே 120 கோடி விலை கிடைத்திருக்கிறது பாருங்கள். ஆண்டுக் கணக்கில் நஷ்டம், விற்கும்போது கொள்ளை லாபம் என்பது இந்தத் தொழிலில் சகஜம். நஷ்டக் கணக்கை வீரர்கள் சந்தேகத்தோடு பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போதைக்கு அமைதி. 2025 ஜூலையில் புதிய ஒப்பந்தம் முடிந்தது, பழையது காலாவதியாக ஓராண்டுக்கு மேல் இருக்கும்போதே. 2030 செப்டம்பர் வரை அது செல்லும். உச்சவரம்பு 2025-26ல் 9.55 கோடி, அடுத்த சீசனில் 10.4 கோடி.

பெண்கள் ஹாக்கியில் வரிசையே தலைகீழ். கனடியப் பெண்கள் லீக் பணமில்லாமல் 2019ல் மூடப்பட்டதும், முன்னணி வீராங்கனைகள் இருநூறு பேர் அளவில், ஒழுங்கான சம்பளமும் வசதியும் தரும் லீக் வரும்வரை வட அமெரிக்காவில் எந்த லீக்கிலும் ஆடமாட்டோம் என்று ஒதுங்கி நின்றார்கள். 2023ல் அவர்கள் சங்கம் முதலில் கூட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. அதன் பிறகுதான், 2024 ஜனவரி 1 அன்று, டொராண்டோவில் புதிய லீக்கின் முதல் ஆட்டம் நடந்தது.